கிரிமியாவின் சிற்றூர்ப் பெயர்கள்: கேள்வி பதில்

கே: கிரிமியாவில் ஊர்ப் பெயர்கள் ஒட்டுமொத்தமாக எப்போது மாறின?

ப: 1944 மே 18 முதல் 20 வரை, கருங்கடல் தீபகற்பமான கிரிமியாவின் துருக்கிய மொழி பேசும் முஸ்லிம் மக்களான கிரிமியத் தாத்தார்களை, சோவியத் அரசு ரயிலேற்றி, பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு நாடுகடத்தியது. ஜூனில் கிரேக்கர், அர்மீனியர், பல்கேரியர் முறை. பின்னாலேயே பெயர்களும் போயின. 1944 டிசம்பர் 14 ஆணை மாவட்டங்களையும் அவற்றின் தலைமை ஊர்களையும் தொட்டது: கராசுபசார் பெலகோர்ஸ்க் ஆனது, இச்கி சொவியத்ஸ்கி ஆனது. 1945 ஆகஸ்ட் 21 ஆணையில் கிராம சோவியத்துகளின் (ஊராட்சி மன்றங்களின்) மைய ஊர்கள் மாறின. உஸ்குத் பிரிவெத்னயே ஆனது, தரக்தாஷ் தாச்னயே ஆனது. மிச்சமிருந்த குக்கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை 1948 மே 18 ஆணையில் சிக்கின.

கே: ஜார் காலத்து ஆவணம் ஒன்றில் ஓர் ஊர்ப் பெயர் இருக்கிறது. இன்று அது எந்த ஊர்?

ப: எந்த வட்டம் என்று சொல்லவில்லையே! சிம்ஃபெரோபோல், எவ்பதோரியா, பெரெகோப், ஃபியோதோசியா, யால்தா என வட்டங்கள் இருந்தன. ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு, வட்டம் தெரியாமல் தேடினால் தப்பான ஊரில் போய் நிற்பீர்கள். வட்டம் தெரிந்ததும் எழுத்துவேறுபாடுகளை எழுதிக்கொள்ளுங்கள்: 'பெரிய' என்ற தாத்தார் சொல்லை ரஷ்ய எழுத்தர்கள் 'புயுக்' என்றும் 'பியுக்' என்றும் எழுதினார்கள். தாத்தார் மொழியே அரபி எழுத்திலிருந்து 1928இல் லத்தீனுக்கும், 1938இல் ரஷ்ய மொழியின் எழுத்தான சிரிலிக்குக்கும் மாறியது. அடுத்து 1926 கணக்கெடுப்பின் ஊர்ப்பட்டியலில் பாருங்கள். அங்கே கிடைத்த பெயரை 1945, 1948 ஆணைப்பட்டியல்களில் தேடினால் புதுப்பெயர் வரும். வராவிட்டால் அதற்குள் ஊர் காலியாகியிருக்கலாம், பக்கத்து ஊரோடு இணைந்திருக்கலாம். பழைய வரைபடத்தின் ஓடையையும் பாதையையும் இன்றைய வரைபடத்தோடு பொருத்துவதுதான் வழி. புதுப்பெயரிலும் இதே தொல்லை: வினகிராத்னயே என்று பல ஊர்கள்.

கே: 1944க்கு முந்தைய பெயர் என்றாலே தாத்தார் பெயர்தானே?

ப: இல்லை. பர்தெனித், லிமெனா கிரேக்கப் பெயர்கள். சூரிஷ்தால், சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள் வைத்தது. இன்று சலத்தோயே போலே. ஃபிரைடோர்ஃப் யூதக் குடியேற்றம், பிறகு நவசியோலவ்ஸ்கயே.

கே (அவரே): அப்படியானால் தாத்தார் பெயர்களை மட்டும் குறிவைத்ததாகச் சொல்வது மிகையல்லவா?

ப: நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஜெர்மானியர்களை 1941 ஆகஸ்டிலேயே வெளியேற்றிவிட்டார்கள். ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளில் இல்லாத பெயர்களெல்லாம் குறியாயின, எண்ணிக்கையில் தாத்தார் ஊர்கள்தான் மிகுதி. இரண்டும் சேர்ந்தே உண்மை.

கே (வேறொருவர்): உக்ரைனும் பெயர் மாற்றியதே! அது மட்டும் நியாயமா?

ப: தராசு பிடிக்க உட்காரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 2016 மே 12இல் உக்ரைன் நாடாளுமன்றம் கம்யூனிசப் பெயர்களை நீக்கியது: கிராஸ்னொஹ்வார்தீய்ஸ்கேக்குப் பதில் குர்மான், கிரோவ்ஸ்கேக்குப் பதில் இஸ்லாம்-தெரெக். பெரும்பாலும் புதுப்பெயர் சூட்டாமல் பழையதையே திருப்பினார்கள். ஆனால் கிரிமியா உக்ரைன் கட்டுப்பாட்டுக்குத் திரும்பிய பிறகே அது அமலாகும். 2014இல் தீபகற்பத்தைப் பிடித்துக்கொண்ட ரஷ்யாவின் நிர்வாகம் சோவியத் பெயர்களையே வைத்திருக்கிறது.

கே: எந்தப் பெயரை எழுதுவது?

ப: ஆவணத்தின் காலத்துப் பெயர், அடுத்து இன்றைய பெயர், வட்டம்.

கே: என் பட்டியலில் 'சராய்' என்றொரு ஊர்...

ப: எந்த வட்டம்?

கே: செவஸ்தோபோல் பெயர் எப்படி வந்தது?

ப: நகரங்களுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

கே: பழைய பெயர் திரும்பிய ஊர் ஏதாவது உண்டா?

ப: உண்டு, சில. பிளானெர்ஸ்கயே ஆக்கப்பட்ட கோக்தெபெலும், ஃபுருன்சென்ஸ்கயே ஆக்கப்பட்ட பர்தெனித்தும் சோவியத்துக்குப் பிறகு பழைய பெயருக்கே திரும்பின. தாத்தார்கள் ஊர் திரும்பியும் உஸ்குத் இன்னும் பிரிவெத்னயேதான்.