முதல் வகுப்பில் எழுத்தையும் எண்ணையும் பிள்ளைகள் கையால் செய்து கற்க என்ன செயல்பாடுகள் கொடுக்கலாம்?

இந்த ஆண்டு முதன்முறையாக முதல் வகுப்பை ஏற்றிருப்பதாகவும், வகுப்பில் 28 பிள்ளைகள் இருப்பதாகவும், பொருள்கள் வாங்கப் பெரிதாகப் பணமில்லை என்பதாகவும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்துபவன் என்பதால், நீங்கள் சொல்லும் நெருக்கடி எனக்கும் பழக்கமானதே. எந்தச் செயல்பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அதனிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பிள்ளை தவறாகச் செய்தால், அது தவறு என்பதை ஆசிரியர் வாய்திறக்கும் முன்பே கையிலுள்ள பொருள் அதற்குக் காட்டிவிடுமா? காட்டுமென்றால் அது வகுப்பில் இருக்கத் தகுந்தது. 28 பேரையும் ஒரே நேரத்தில் உங்களால் பார்க்க முடியாது. உங்கள் பார்வை படாத பிள்ளையைப் பொருள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'அ' என்ற எழுத்தின் கோட்டுருவத்துக்குள் பஞ்சு ஒட்டுவது, பூசணி விதையால் 5 என்ற எண்ணை நிரப்புவது போன்றவை இந்தச் சோதனையில் தேறுவதில்லை. பிள்ளைகளுக்கு அவை மகிழ்ச்சி தரும், விரல்களுக்கும் நல்ல பயிற்சிதான். ஆனால் அரைமணி நேரம் பஞ்சு ஒட்டிய பிள்ளையிடம் அந்த எழுத்தின் ஒலியைக் கேட்டால் பல நேரங்களில் பதில் வராது. அவற்றை ஓவிய வேளையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிந்தனை என்னுடையதன்று. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையாரின் கற்றல் கருவிகளின் அடிப்படையே இதுதான்; அவருடைய உருளைக் கட்டையில் ஒவ்வோர் உருளையும் தனக்குரிய குழியில் மட்டுமே சரியாக அமரும், மாற்றி வைத்தால் கடைசியில் ஓர் உருளை இடமின்றி நின்றுவிடும். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். பிற்காலத்தில், ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான, பிள்ளை அட்டைகளைக் கொண்டு தன் வேகத்தில் கற்கும் முறையை அடியொற்றிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தமிழ்நாடு முழுவதும் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துக் கையில் பொருளைக் கொடுத்தன. பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வழக்கத்தை நீங்கள் தனியார் பள்ளியில் பணிபுரிந்தாலும் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் ஜூன் மாதத்தில் ஒரே வகுப்பில் பெயர் எழுதத் தெரிந்த பிள்ளையும் பென்சிலே பிடித்திராத பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

எழுத்தில் நான் ஒலியிலிருந்துதான் தொடங்குகிறேன். 'மரம்' என்று சொல்லிக் கைதட்டச் சொன்னால் பிள்ளைகள் ம, ரம் என்று இரண்டு முறை தட்டுவார்கள், எழுத்தோ மூன்று. புள்ளி வைத்த எழுத்துக்கெனத் தனித் தட்டு கிடையாது என்பதால்தான் பின்னாளில் 'பட்டம்' என்று சொல்லும்போது 'படம்' என்று எழுதுகிறார்கள். இதற்கு நான் தண்ணீர்ப் புட்டி மூடிகளையும் புளியங்கொட்டைகளையும் பயன்படுத்துகிறேன். ஒலி முழுதாகக் கேட்கும் எழுத்துக்கு ஒரு மூடி, புள்ளி எழுத்துக்கு ஒரு கொட்டை. அருகருகே அமர்ந்த இருவரில் ஒருவருக்குப் 'படம்', மற்றவருக்குப் 'பட்டம்' என்று காதோடு சொல்லி அடுக்கச் சொல்வேன். முதலாமவர் முன்னால் மூடி, மூடி, கொட்டை இருக்கும். இரண்டாமவர் முன்னால் மூடி, கொட்டை, மூடி, கொட்டை இருக்கும். இரண்டு பேர் அடுக்கும் ஒன்றுபோல் இருந்தால், 'நமக்கு வேற வேற சொல்தானே சொன்னாரு சாரு?' என்று அவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மறுபடி சொல்லிப் பார்ப்பார்கள். காடு, காட்டு, பாடு, பாட்டு என்று இணைகளை வளர்த்துக்கொண்டே போகலாம். நெடிலுக்கு மூடியின் இடத்தில் ஓர் ஐஸ் குச்சியைப் படுக்கவைத்தால் கல், கால், பல், பால், குடை, கூடை என்ற வேறுபாடும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பென்சிலே தொடாத பிள்ளையும் இதில் சமமாகக் கலந்துகொள்ள முடியும் என்பது இதன் பெரிய வசதி.

எழுத்துகளை அறிமுகப்படுத்தும்போது 247ஐயும் வரிசையாக ஒப்புவிக்கவைக்க வேண்டாம். ட, ப, ம ஆகிய மூன்றும் எளிய கோடுகளால் ஆனவை. அவற்றோடு புள்ளியையும் கற்றுக்கொடுத்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று பிள்ளை முதல் வாரத்திலேயே சொற்களைப் படித்துவிடும். ர, க, ச, த சேர்ந்ததும் மரம், கரம், சரம், தடம், மரகதம் என்று கை நீள்கிறது. படிக்கத் தெரியும் என்ற எண்ணம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வந்துவிட்டால் எஞ்சியதை அதுவே உங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

நம் எழுத்தில் பிள்ளைகளை உண்மையில் திணறவைப்பவை கொம்பு வரும் எழுத்துகள். வாயில் க் முதலில் வருகிறது, தாளிலோ கொம்பு முதலில் வர வேண்டும்; 'கொ' என்றால் ஒலியின் பின்பாதி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. இதற்குச் சாளர அட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள். பழைய திருமண அழைப்பிதழ் அட்டையின் நடுவில் ஒரு சதுரத்தை வெட்டியெடுத்து, சதுரத்தின் இடப்பக்கம் ஒற்றைக் கொம்பையும் வலப்பக்கம் துணைக்காலையும் எழுதி, பின்னால் க, ச, த, ப, ம என்று மேலிருந்து கீழாக எழுதிய நீண்ட பட்டையைச் செருகி இழுத்தால் கொ, சொ, தொ, பொ, மொ என்று ஒவ்வொன்றாகச் சாளரத்தில் வந்து நிற்கும். இரட்டைக் கொம்புக்கு ஓர் அட்டை, சங்கிலிக் கொம்புக்கு ஓர் அட்டை. அட்டையைப் பார்க்காமல் சிலேட்டில் எழுதிவிட்டு, பிறகு அட்டையை இழுத்துப் பிள்ளையே சரிபார்க்க வேண்டும். கொம்பை வலப்பக்கம் போட்டிருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

உகர வரிசைக்கு இந்த அட்டை உதவாது, ஏனெனில் அங்கே எழுத்தின் உருவமே மாறுகிறது. கு, டு, மு, ரு ஒரு குடும்பம்; சு, பு, யு, வு ஒரு குடும்பம்; து, நு, லு, று இன்னொன்று. தடித்த சணல் கயிற்றை ஈரப்படுத்திக் கொடுத்து, தரையில் சாக்கட்டியால் எழுதிய மூல எழுத்தின் அடியில் வளைத்து வைக்கச் சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் போதும், கலக்க வேண்டாம். மணல் தட்டு, உப்புத்தாள் எழுத்து பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்; நல்லவைதான், ஆனால் பிள்ளை விரலை ஓட்டும்போது ஒலியை வாய்விட்டுச் சொல்லவில்லை என்றால் விரல் மட்டுமே கற்றுக்கொள்ளும்.

வாசிப்புக்கு நான் அதிகம் நம்புவது பிள்ளைகளின் சொந்தப் பேச்சை. காலையில் ஒருவர் சொல்லும் செய்தியை, 'எங்க ஆடு குட்டி போட்டுச்சு' என்று அவர் சொன்னபடியே பெரிய தாளில் எழுதி, சொற்களை வெட்டி, கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வேன். பேச்சு வழக்கில் எழுதலாமா என்று சக ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. முதல் பருவம் முடியும்வரை எழுதலாம் என்பது என் கருத்து, ஏனெனில் தான் சொன்ன வாக்கியம் என்பதால்தான் அடுக்கியது சரியா என்று பிள்ளைக்குத் தெரிகிறது. 'எங்கள் ஆடு குட்டி ஈன்றது' என்று நான் மாற்றிவிட்டால் அது என் வாக்கியமாகிவிடும், சரிபார்க்கும் உரிமையும் என்னிடமே வந்துவிடும். எழுத்து வழக்கை இரண்டாம் பருவத்தில் பக்கத்தில் எழுதி அறிமுகப்படுத்துகிறேன்.

கணக்குக்கு வருகிறேன். கேள்வியில் மணிச்சட்டம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் முட்டைத் தட்டுகளைச் சேகரியுங்கள். 30 முட்டை பிடிக்கும் தட்டில் ஐந்து குழிகள் கொண்ட ஆறு வரிசைகள் இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழிச் சட்டங்கள் மூன்று கிடைக்கும். எங்கள் பள்ளியில் சத்துணவுக் கூடத்திலிருந்தே வந்துவிடுகின்றன, நீங்கள் மளிகைக் கடையில் சொல்லிவைக்கலாம். முட்டை உடைந்து ஒட்டியவற்றைக் கண்டிப்பாக ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து வெட்டுங்கள். ஏழு மூடிகளை வைத்த பிள்ளை, மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு இருப்பதையும் மூன்று குழிகள் காலியாக இருப்பதையும் ஒரே பார்வையில் காண்கிறது. எட்டும் ஐந்தும் கூட்டச் சொன்னால், ஐந்திலிருந்து இரண்டை எடுத்துக் காலிக் குழிகளை நிரப்பி, மீதி மூன்றை அடுத்த சட்டத்தில் வைத்துப் 'பத்தும் மூணும், பதிமூணு' என்கிறது. விரல் எண்ணிக் கூட்டும் பழக்கத்திலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவர இதைவிட எளிய கருவியை நான் கண்டதில்லை.

பத்துகளுக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் போதும், ஒரே நீளத்தில் நறுக்கி முனையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கட்டுகளைப் பிள்ளைகளேதான் கட்ட வேண்டும். நீங்கள் ஆயத்தமாகக் கட்டிக் கொடுத்தால் ஒரு கட்டு என்பது அவர்களுக்கு ஒரு பொருளாகத்தான் தெரியும், பத்தாகத் தெரியாது. இருபதிலிருந்து மூன்றை எடு என்றால் ஒரு கட்டை அவிழ்த்தாக வேண்டும். அந்த அவிழ்ப்பில்தான் பின்னாளில் வரப்போகும் கடன் வாங்கிக் கழித்தல் முழுவதும் அடங்கியிருக்கிறது. இருபத்து மூன்றைக் காதில் கேட்டபடி 203 என்று எழுதும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருப்பார்கள். 20 என்று எழுதிய அட்டையின் சுழியத்தின் மேல் சரியாகப் பொருந்தும் அளவில் 3 என்ற சிறிய அட்டையை வெட்டிக் கொடுங்கள். மேலே வைத்தால் 23, எடுத்தால் சுழியம் மறுபடி தெரியும். பக்கத்திலேயே இரண்டு கட்டும் மூன்று குச்சியும் இருக்கட்டும்.

விளையாட்டுகளில் பல்லாங்குழியை விட்டுவிடாதீர்கள். ஆடும் முறை ஊருக்கு ஊர் மாறினாலும், ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் முறை பல இடங்களில் உண்டு. எதிராளி பார்ப்பதற்குள் எடுக்க வேண்டுமென்பதால் பிள்ளைகள் எண்ணாமலேயே நான்கைக் கண்ணால் அறியப் பழகுகிறார்கள். பரமபதத்தை முதல் பருவத்தில் தவிர்க்கிறேன். வரிசைக்கு வரிசை திசை மாறுவதால் எண்கள் எந்தப் பக்கம் வளர்கின்றன என்பதே குழம்பிவிடுகிறது. அதற்குப் பதில் தாழ்வாரத்தில் 1 முதல் 20 வரை ஒரே நேர்கோட்டில் கட்டம் வரைந்து, பகடை போட்டுக் குதிக்கவிடுங்கள். ஏழில் நிற்கும் பிள்ளை மூன்று போட்டதும் நின்ற கட்டத்தையே ஒன்று என்று எண்ணி ஒன்பதில் நின்றுவிடும். காகிதத்தில் கண்டுகொள்ள முடியாத இந்தப் பிழையை இங்கே கால் காட்டிக்கொடுக்கிறது, ஒன்று என்று சொல்லும்போது கால் நகரவில்லை என்பதைச் சுற்றி நிற்பவர்கள் கூவிச் சொல்லிவிடுவார்கள்.

கடை வைத்து வாங்கி விற்கும் விளையாட்டை மட்டும் ஜனவரிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாய் நாணயம் கையில் ஒன்றாகத்தான் இருக்கிறது, அதை ஐந்தாக நினைக்கக் கட்டுப் பழக்கம் முதிர்ந்திருக்க வேண்டும்.

28 பேருக்கும் ஒரே நேரத்தில் பொருள் கொடுப்பதை முதல் மாதத்தில் முயலாதீர்கள். 14 பேர் பாயில் பொருளோடு இருக்கட்டும், மற்ற 14 பேர் சிலேட்டில் எழுதட்டும், இருபது நிமிடத்தில் இடம் மாறட்டும். ஒவ்வோர் இணைக்கும் ஒரு டப்பா. டப்பா மூடியின் உட்புறத்தில் 20 புட்டி மூடி, 10 கொட்டை என்று படமும் எண்ணும் ஒட்டிவிடுங்கள், எண்ணிச் சரிபார்த்துத் திருப்பி வைப்பதும் அவர்கள் வேலை. கொட்டையை மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளும் வயது இது என்பதால், சிறு மணிகள், பட்டாணி, உளுந்து ஆகியவை வேண்டவே வேண்டாம். புளியங்கொட்டையும் உங்கள் கண்ணெதிரில் மட்டும் இருக்கட்டும், அச்சமாக இருந்தால் பெரிய சட்டைப் பித்தான்களை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பொருளை எப்போது எடுத்துவிடுவது என்பதையும் திட்டமிட வேண்டும். பிள்ளை தடுமாறாமல் செய்யத் தொடங்கியதும் முட்டைத் தட்டின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, உள்ளே ஆறு இருக்கிறது, இன்னும் எத்தனை வைத்தால் நிறையும் என்று கேட்பேன். பதில் சொன்ன பிறகு பிள்ளையே துணியை விலக்கிப் பார்க்கலாம். சில நாளில் துணியை விலக்கத் தோன்றாமலேயே அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும் பிள்ளைகளிடமிருந்து தட்டை வாங்கி, இன்னும் தேவைப்படுபவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். சிலருக்கு அது ஆகஸ்டிலேயே வரும், சிலருக்குப் பொங்கல் விடுமுறை கழிந்தும் தட்டு தேவைப்படும்.