டர்போவை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

வாகனம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் டீசல் காரில் மேடு ஏறும்போதோ, லாரியை முந்த ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போதோ திடீரென்று இழுவை செத்துவிடுகிறது. ஓரமாக நிறுத்தி, ஆஃப் செய்து ஸ்டார்ட் பண்ணினால் மறுபடி நன்றாக ஓடுகிறது. ஸ்கேனரில் பி0234 வருகிறது. டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி இல்லையா ஐயா?

அவசரப்படாதீர்கள். பி0234 என்றால் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், தேவைக்கு மேல் ஏறுகிறது என்று அர்த்தம். காற்றைத் தள்ளத் தெம்பில்லாத டர்போ இந்த எண்ணைக் காட்டாது. உங்கள் டர்போ உழைக்கிறது. அதற்குக் கடிவாளம் போடும் இடத்தில்தான் கோளாறு.

இப்போதைய டீசல் கார்களில் பெரும்பாலும் இருப்பது விஜிடி டர்போ. எக்ஸாஸ்ட் புகை சுழற்றும் டர்பைன் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ்கள் வளையமாக நிற்கும். ஆர்.பி.எம். குறைவாக இருக்கும்போது இதழ்கள் நெருங்கி, எக்ஸாஸ்ட் போகும் வழியைக் குறுக்கிச் சக்கரத்தை வேகமாகச் சுழல வைக்கும். எக்ஸாஸ்ட் அதிகமானதும் விரிந்து வழிவிட வேண்டும். கரி படிந்து விரிய மறுத்தால் அழுத்தம் எகிறும். இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூ உடனே இன்ஜினைக் காப்பாற்ற, இழுவையைக் குறைத்து ஓட்டும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். ஆஃப் செய்து போட்டால் அந்தக் கட்டுப்பாடு நீங்கும், கோளாறு நீங்காது.

இதழ்களை நகர்த்தும் ஆக்சுவேட்டர் வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்குவது என்றால் சோதிப்பது எளிது. பானெட்டைத் திறந்து ஆக்சுவேட்டரின் ராடைப் பார்த்துக்கொண்டே ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் ராட் சுமார் 1 செ.மீ. உள்ளே இழுபடும், ஆஃப் செய்தால் திரும்பி வரும். அடுத்து, ஆக்சுவேட்டர் ஹோஸைக் கழற்றிக் கை வேக்குவம் பம்பை மாட்டி மெதுவாக இழுங்கள். ராட் எங்கும் நிற்காமல் ஒரே சீராக நகர வேண்டும். பாதி வழியில் நின்று, பிறகு 'டக்'கென்று தாவினால் அதுதான் ஒட்டல். ராடை, இதழ்களைத் திருப்பும் லிவரிலிருந்து பிரித்து லிவரை விரலால் அசையுங்கள். லிவரே கரகரவென்று பிடித்தால் உள்ளே கரி; லிவர் லேசாக ஆடினால் ஆக்சுவேட்டரைச் சந்தேகியுங்கள். பம்ப் மீட்டரின் முள் 1 நிமிடம் நிலையாக நிற்காமல் இறங்கினால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஆனால் அதனால் பூஸ்ட் குறையும், ஏறாது. எனவே உங்கள் புகாருக்கு அது காரணமாக இருக்காது.

ராட் சீராக நகர்ந்தால், ஆக்சுவேட்டருக்கு வேக்குவத்தை அளந்து விடும் சோலனாய்டு வால்வைப் பாருங்கள். வேக்குவத்தை வெளியேற்ற அதில் ஒரு சின்னக் காற்றுத் துளை உண்டு. சிலவற்றில் பஞ்சு ஃபில்டரும் இருக்கும். அது தூசியில் அடைத்தால் வேக்குவம் சட்டென்று விடுபடாது, இதழ்களும் விரியத் தாமதமாகும். டர்போ ஒட்டியது போலவே தெரியும். டர்போவைக் கழற்றும் முன் இதைப் பார்க்காமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

கரிதான் என்று உறுதியானால் டர்போவை இறக்கி, ஹவுசிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று குறி போட்டுப் பிரித்து, இதழ் வளையத்தைச் சுத்தம் செய்யலாம். லிவர் முட்டி நிற்கும் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் தொடக் கூடாது. அது காற்றோட்டத்தை அளந்து வைத்த அளவு; கண்ணால் பார்த்துத் திருப்பி வைக்க முடியாது. கரி ஏன் சேர்ந்தது என்பதையும் பாருங்கள். இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, எக்ஸாஸ்டில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு திறந்தபடியே நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யாவிட்டால் சில மாதங்களில் மறுபடி ஒட்டும்.

எலக்ட்ரிக் மோட்டார் ஆக்சுவேட்டர் என்றால் கை பம்ப் உதவாது. ஸ்கேனரில் ஆக்சுவேட்டர் டெஸ்ட் ஓட்டி, கேட்ட நிலையும் போன நிலையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பெட்ரோல் டர்போ கார். இழுவை குறைவு, மிதித்தால் 'ஸ்ஸ்' என்று சத்தம், பி0299. எல்லா ஹோஸும் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

பி0299 என்பது பூஸ்ட் குறைவு. நீங்கள் சொல்லும் சத்தத்தோடு சேர்த்துப் பார்த்தால் காற்றுக் கசிவுதான். இன்ஜின் நின்றிருக்கும்போது ஹோஸில் அழுத்தமே இல்லை. வெடிப்பு மூடியே இருக்கும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. கிளிப்புக்கு அடியில், ஹோஸ் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றோடு வரும் எண்ணெய்ப் படலம் கசியும் இடத்தில் அப்படித்தான் தடம் விடும்.

கண்டுபிடிக்க நிச்சயமான வழி அழுத்தச் சோதனை. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி, வால்வு பொருத்திய மூடியால் டர்போ வாயை அடையுங்கள். கிராங்க் கேஸிலிருந்து காற்றை வெளியே விடும் பிரீதர் ஹோஸையும் அடையுங்கள். இல்லாவிட்டால் காற்று கிராங்க் கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும். 0.3 பாரில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். 1 பாரைத் தாண்ட வேண்டாம். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அடி மூலையையும், மிஞ்சிய பூஸ்ட்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வையும் மறக்க வேண்டாம். சைலன்சர் பக்கம் காற்று வந்தால் பயப்படாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வுகள் திறந்திருக்கின்றன. கிராங்க்கைக் கொஞ்சம் திருப்பிவிட்டுத் தொடருங்கள். திரும்ப மாட்டும்போது ஹோஸின் உள்பக்கத்தையும் குழாயையும் எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். பிசுக்கு இருந்தால் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கி வரும்.

கசிவே இல்லையா? மிஞ்சிய எக்ஸாஸ்டை டர்பைனுக்குப் போகாமல் விலக்கிவிடும் கதவான வேஸ்ட்கேட் மூடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பூஸ்ட் ஸ்கேனரில் 200 கேபிஏ, மீட்டரில் 1 பார். எது சரி?

இரண்டும் சரி. ஸ்கேனர் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த மொத்தம்; மீட்டர் காட்டுவது அதற்கு மேல் ஏறியது மட்டும். கடல் மட்டத்தில் வெளிக்காற்று சுமார் 100 கேபிஏ, அதாவது ஏறக்குறைய 1 பார். இக்னிஷன் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரைப் பாருங்கள். கடல் மட்டத்தில் 100ஐ ஒட்டி வராவிட்டால் இந்த அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைச் சந்தேகியுங்கள். மலைப்பகுதியில் குறைவாகக் காட்டுவது இயல்பு.

கேள்வி: பெரிய எக்ஸாஸ்ட் குழாய் போட்டபின், 0.8 பாரில் நிற்க வேண்டிய பூஸ்ட் 5,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் 1.1 வரை ஏறிக்கொண்டே போகிறது. வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் ராடைத் தளர்த்தியும் பயனில்லை.

ராட் காரணமில்லை. எக்ஸாஸ்டில் தடை குறைந்ததால் டர்பைனுக்கு வேகம் கூடிவிட்டது. வேஸ்ட்கேட் துளையோ பழைய அளவு. முழுதாகத் திறந்தும் போதவில்லை. உறுதி செய்ய, சோலனாய்டை விலக்கிவிட்டு, டர்போவில் காற்றைத் தள்ளும் பக்கமான கம்ப்ரசரிலிருந்து ஆக்சுவேட்டருக்கு ஒரே ஹோஸை நேராக மாட்டி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஆர்.பி.எம். ஏற ஏற அழுத்தம் ஏறினால் துளை போதவில்லை. ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் அளவிலேயே நின்றால் குற்றம் சோலனாய்டில் அல்லது ட்யூனிங்கில். துளையைத் தேர்ந்த டர்னரிடம் பெரிதாக்கி, மூடியின் விளிம்பு எல்லாப் பக்கமும் பதியுமாறு செய்ய வேண்டும். அதுவரை முழு மிதி வேண்டாம். எரிபொருள் அளவு பழைய பூஸ்ட்டுக்கு வைத்தது. நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) தொடங்கினால் பிஸ்டன் தாங்காது.