யாருக்குத் தெரியலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்

வாசகியின் கேள்வி: எனக்கு வயது 38. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் கீமோ தொடங்குகிறது. ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட நான் அழவில்லை. ஆனால், தலைமுடி முழுக்கக் கொட்டிவிடும் என்று டாக்டர் சொன்ன அன்று இரவெல்லாம் அழுதேன். கணவர் நல்லவர்தான், "முடிதானே, வளர்ந்துடும் விடு" என்கிறார். மாமியாரோ, "வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம், யாராவது வந்தா நீ உள்ளயே இரு" என்கிறார். எட்டு வயது மகளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. வேலைக்குப் போகிறவள் நான்; அங்கே என்ன சொல்வது? உயிரைவிட முடி பெரிதா என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். கீமோவைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. கொட்டினால் பழையபடி வளருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடிக்காகக் கீமோவைத் தள்ளிப் போடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் கீமோ, கண்ணுக்குத் தெரியாமல் உடம்பில் எங்காவது தங்கிவிட்ட புற்றுசெல்களைப் பிடிப்பதற்காகத்தான். காயம் ஆறியதும் அதைத் தொடங்குவதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. தேதியை மாற்ற உடல்நிலை காரணமாக இருந்தால் அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

அதற்காக, முடியைப் பற்றி டாக்டரிடம் வாயே திறக்கக் கூடாது என்றில்லை. தயங்காமல் கேளுங்கள். எல்லா மருந்துக்கும் முடி ஒரே மாதிரி கொட்டுவதில்லை. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்செல், டோசிடாக்செல் போன்றவற்றில் பெரும்பாலும் முழுவதும் போய்விடும். வேறு சில மருந்துகளில் அடர்த்தி மட்டும் குறையும். உங்களுக்குத் தரப்போவது எது என்று பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தலையைக் குளிர்விக்கும் தொப்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மருந்து ஏற்றுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே அதைத் தலையில் மாட்டிவிடுவார்கள். குளிரில் மண்டைத்தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால், முடிவேருக்குப் போகும் மருந்தின் அளவு குறையும். மருந்து ஏறி முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலுமோ அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். குளிர் கடுமையாக இருக்கும், தலைவலியும் வரலாம். 2017-இல் வெளியான ஒரு மார்பகப் புற்றுநோய் ஆய்வில், இதை அணிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தலைமுடியில் பாதிக்கு மேல் தங்கியது. அணியாதவர்களில் ஒருவருக்குக்கூட அப்படித் தங்கவில்லை. மருந்தைப் பொறுத்துப் பலன் மாறும். முதல் கீமோவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதால், கேட்பதானால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். எல்லா மருத்துவமனையிலும் இந்த வசதி இருக்காது. இல்லையென்றால் மனம் உடைந்துவிடாதீர்கள், இல்லாமலும் கடக்கலாம்.

சரி, அழுகைக்கு வருகிறேன். உயிரைவிட முடி பெரிதா என்று உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள். இத்தனை வருடமாகப் புற்றுநோயாளிகளோடு உட்கார்ந்து பேசியதில் எத்தனையோ பேர் இதே கேள்வியைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அது அழகைப் பற்றிய அழுகை மட்டுமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆபரேஷன் தழும்பு ஆடைக்குள் இருக்கிறது. அதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்வது நீங்கள். முடி போய்விட்டாலோ, லிஃப்டில் கூட ஏறுகிறவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்கள் தலை சொல்லிவிடும். உங்களைக் கேட்காமல் உங்கள் நோயை ஊருக்கு அறிவிப்பது கொடுமைதான். அதற்கு அழுதது நியாயமான அழுகை. ஆகவே இனிமேல் நாம் செய்யப்போவதெல்லாம் ஒன்றுதான்: யாருக்கு, எப்போது, எவ்வளவு தெரியலாம் என்ற முடிவை முடிந்தவரை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்வது.

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ தாக்குகிறது. முடிவேரில் இருக்கும் செல்களும் உடம்பில் மிக வேகமாகப் பெருகுபவற்றில் சேரும். அதனால் அவையும் அடிபடுகின்றன. தலையில் உள்ள ஏறக்குறைய 1 லட்சம் முடிகளில் பத்துக்கு ஒன்பது எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் தலையில் இவ்வளவு மொத்தமாகக் கொட்டுகிறது. பெரும்பாலானவர்களுக்கு வேர் செத்துப்போவதில்லை, வேலையை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று: முடி கொட்டினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று யாராவது சொல்வார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

முதல் கீமோ முடிந்து பெரும்பாலும் 2 அல்லது 3 வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். அதற்குச் சற்று முன்னால் மண்டைத்தோல் தொட்டாலே வலிக்கலாம். நாள் முழுக்க இறுக்கிக் கட்டிய ஜடையை ராத்திரி அவிழ்க்கும்போது வேரெல்லாம் வலிக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பிறகு ஒரு நாள் சீப்பை வைத்தால் கொத்தாகக் கையோடு வரும். இழுபறியே இருக்காது, வலியும் இருக்காது. வலிக்காமல் வருவதுதான் பலரையும் உலுக்கிவிடுகிறது. காலையில் தலையணை, குளிக்கும் இடத்தில் தண்ணீர் போகும் வாய், சட்டைக் காலர் என்று எங்கே பார்த்தாலும் முடி. இந்தச் சில நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம். மொட்டையான பிறகு மனம் கொஞ்சம் அடங்கியது என்றுதான் நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே, நீளமான முடி என்றால் முதல் கீமோவுக்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். கொட்டுவது பாதிதான் தெரியும், பார்க்கிறவர்கள் கண்ணும் பழகியிருக்கும். கொட்ட ஆரம்பித்ததும் முழுவதும் எடுத்துவிட நினைத்தால் டிரிம்மரால் எடுங்கள், பிளேடு வேண்டாம். கீமோ காலத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறையும். சின்னக் கீறல்கூடத் தொற்றில் கொண்டுபோய் விடலாம். (குளிர்த் தொப்பி போடுகிறவர்கள் மொட்டை அடிக்க வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றத்தானே அந்தப் பாடு.) எடுக்கும் நாளையும் எடுக்கும் ஆளையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன் கையில் டிரிம்மரைக் கொடுத்தார். அவன் கை நடுங்கியது. அம்மாதான் அவனுக்கு, "காதுக்குப் பின்னாடி மெதுவா போடா" என்று சொல்லிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார்.

விக் வேண்டுமென்றால் இப்போதே போய்ப் பாருங்கள், முடி இருக்கும்போதே. நிறமும் வகிடும் பொருத்திப் பார்க்க முடியும். தலைமுடி போனதும் சுற்றளவு குறையும், அதனால் பின்னால் இறுக்கிக்கொள்ளும் பட்டை இருக்கிறதா என்று கவனியுங்கள். செயற்கை இழை விக் லேசானது, பராமரிப்பும் சுலபம். ஆனால் அடுப்புச் சூட்டில் பொசுங்கிவிடும், சமைக்கும்போது கழற்றி வையுங்கள். விக் உறுத்துகிறது என்றால் பருத்தி ஸ்கார்ஃப் போதும். எதுவும் கட்டாமல் இருப்பதும் உங்கள் இஷ்டம். வெயிலில் போகும்போது மட்டும் தலையை மறைக்காமல் போகாதீர்கள். மண்டைத்தோல் சுலபமாக வெந்துவிடும்.

பலரும் சொல்ல மறந்துவிடும் ஒன்று: புருவமும் இமைமுடியும் பிறகு கொட்டலாம், சில சமயம் கீமோ முடியும் தறுவாயில்கூட. இமைமுடி இல்லாவிட்டால் கண்ணில் தூசி விழும், சாதாரணக் கண்ணாடி போட்டால் போதும். மூக்கில் உள்ள முடி போனால் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். சளி என்று பயந்துவிடாதீர்கள். இப்போதே உங்கள் முகத்தை நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். புருவம் வரையும்போது எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள உதவும்.

அடுத்து மாமியார். நீங்களாகவே, "இப்போதைக்கு யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று நினைத்தால் அது உங்கள் உரிமை. யாரும் உங்களைத் தைரியசாலியாக இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் உங்கள் வீட்டிலேயே உங்களை உள்ளே போ என்று சொல்வது சரியில்லை. நோயோடு போராடுகிறவர் தலைமறைவாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? இதை அவரிடம் சொல்ல வேண்டியது நீங்களல்ல, உங்கள் கணவர். பெரும்பாலும் பெரியவர்களுக்குள்ளே இருப்பது பயம்: ஒட்டிக்கொள்ளுமோ, ஊர் என்ன பேசுமோ, பேத்திக்கு என்ன ஆகுமோ. பயத்துக்குத் தகவல்தான் மருந்து.

புற்றுநோய் ஒட்டாது. தொட்டாலும், கட்டிப்பிடித்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. மருந்து ஏற்றிய பின் 2, 3 நாட்களுக்குச் சிறுநீர், வாந்தி போன்றவற்றில் மருந்தின் மிச்சம் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்கிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். இது மருந்துக்கான எச்சரிக்கை, நோய்க்கானது இல்லை. உண்மையில் ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நாட்களில், இருமலும் காய்ச்சலுமாக வரும் விருந்தாளியைத்தான் வாசலோடு அனுப்ப வேண்டும். உங்களுக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் நடுராத்திரி என்றாலும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். பேத்தியைப் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது: பெற்றோர் வழியாக வந்த மரபணு மாற்றத்தால் ஏற்படும் மார்பகப் புற்றுநோய் 100-க்கு 5 முதல் 10 வரைதான். உங்களுக்கு அந்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

மகளுக்குச் சொல்லிவிடுங்கள், முடி கொட்டுவதற்கு முன்பே. எட்டு வயதுக் குழந்தைக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்பது இதற்குள் தெரிந்திருக்கும். என்ன என்று தெரியாததால் தன்னால்தானோ என்று நினைத்துக்கொள்ளும். நோயின் பெயரைச் சொல்லுங்கள். "இது உன்னால வரல, உனக்கும் ஒட்டாது. மருந்து ரொம்ப பலமானது, அதனால அம்மாவுக்கு முடி கொட்டும், அப்புறம் வளரும்" என்று சொன்னால் போதும். அவள் "நீ செத்துப் போயிடுவியாம்மா?" என்று கேட்கலாம். அப்போது, ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்யாதீர்கள். "நான் நல்லாகத்தான் டாக்டரும் நானும் எல்லாம் செஞ்சுகிட்டிருக்கோம், எதுவா இருந்தாலும் உன்கிட்ட சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். பள்ளிக்கு அவளை அழைக்கப் போகும்போது ஸ்கார்ஃபா, விக்கா என்று அவளிடமே கேளுங்கள். அவள் கூச்சப்பட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவளுக்கும் அவளுடைய தோழிகள் இருக்கிறார்கள்.

அலுவலகத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் முழுதாகச் சொல்லுங்கள். மற்றவர்களிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். துருவிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: "சிகிச்சையில இருக்கேன், இப்ப அதைப் பத்திப் பேச வேண்டாமே." சிரித்த முகமாகச் சொல்லலாம், சிரிக்காமலும் சொல்லலாம். கண்ணாடி முன் நின்று ஓரிரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அந்த இடத்தில் தடுமாறாமல் வரும்.

இனி உங்கள் கணவரிடம் நான் நேராகவே பேசுகிறேன், இதை அவரிடம் காட்டுங்கள். தம்பி, "முடிதானே" என்று அன்போடுதான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்கிறவருக்கு, "உன் அழுகை தேவையில்லாதது" என்றுதான் காதில் விழும். அதற்குப் பதில் பக்கத்தில் உட்காருங்கள். கொட்டும் நாட்களில் அவர் எழுந்திருப்பதற்கு முன்பே எழுந்து குளியலறையைப் பெருக்கி வையுங்கள், அவர் எழுந்ததும் தலையணை உறையை மாற்றிவிடுங்கள். உங்கள் அம்மாவிடம் பேசுவதும் உங்கள் வேலை. நீங்களும் மொட்டை அடித்துக்கொள்ள நினைத்தால் முதலில் மனைவியைக் கேளுங்கள். சிலருக்கு அது பெரிய ஆறுதல். சிலருக்கோ வீட்டில் பார்க்குமிடமெல்லாம் நோய் தெரிவது போலிருக்கும்.

கடைசியாக, வளருமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானவர்களுக்கு வளரும். கீமோ முடிந்து சில வாரங்களில் பூனைமுடி போல மெல்லியதாக வரும். 2, 3 மாதத்தில் முடியென்றே தெரியும். அதன்பின் மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. முதலில் வருவது சுருட்டையாகவோ, நரைத்தோ, வேறு தடிமனாகவோ இருக்கலாம். பலருக்குப் பிறகு பழைய மாதிரி ஆகிவிடும், சிலருக்கு அந்த மாற்றம் அப்படியே இருந்துவிடும். டோசிடாக்செல் எடுத்தவர்களில் சிலருக்கு முடி முழுதாகத் திரும்புவதில்லை என்பதும் உண்மை, அதை மறைக்க விரும்பவில்லை. கீமோவுக்குப் பின் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் முடி கொஞ்சம் மெலிதாக இருக்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் ஆகியும் வளர்ச்சி சரியில்லை என்றால் தோல் மருத்துவரைப் பார்க்கலாம், முடி வளர உதவும் மினாக்ஸிடில் போன்ற மருந்துகள் உங்களுக்கு ஏற்றவையா என்று அவர் சொல்வார். இடையில் தூக்கமே வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் உங்கள் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.