இலையுதிர் காலத்து ஸ்காட்லாந்து: பறவை தேடிப் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட்ஸ் மலைப்பகுதிக்கும் தீவுகளுக்கும் வழிகாட்டியோடு பறவை பார்க்கப் போகும் எண்ணத்தில் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில, பதில்களுடன்.

கேள்வி: செப்டம்பர் தொடங்கி அக்டோபர் முடிவதற்குள் ஒரு வாரம் விடுப்பு எடுக்க முடியும். எந்த வாரம் போனால் நல்லது?

வாரத்தை முதலில் குறிக்காதீர்கள். எந்தப் பறவைக்காகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தீவும் வாரமும் தானாகத் தெரிந்துவிடும்.

வாத்துக் கூட்டம் பார்க்க ஆசை என்றால் ஐலா தீவு. கிழக்கு கிரீன்லாந்தில் குஞ்சு பொரிக்கும் பார்னக்கிள் வாத்துகள் ஐஸ்லாந்தில் இறங்கி, மேய்ந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு, வடக்கத்திக் காற்று கிடைக்கும் நாளில் கிளம்பி வருகின்றன. அக்டோபர் தொடக்கத்தில் சிறு கூட்டங்கள். மாதக் கடைசியில் பல்லாயிரம். இவற்றின் கூட்டை அந்நாளில் ஐரோப்பாவில் யாரும் பார்த்ததில்லை. அதனால் கடலில் மிதக்கும் மரக்கட்டையில் ஒட்டியிருக்கும் சிப்பி போன்ற உயிரிலிருந்து இவை பிறக்கின்றன என்று நூற்றாண்டுக்கணக்கில் நம்பினார்கள். அந்த உயிருக்கும் பார்னக்கிள் என்றே பெயர். லாக் குருய்னார்ட் கழிமுகத்துச் சேற்றுத்திட்டில் இரவைக் கழித்துவிட்டு விடியலில் புல்வெளிகளுக்குப் பறக்கும். விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே அங்கே நின்றுவிட வேண்டும். விடுதியில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போனால் மேய்கிற வாத்தைப் பார்க்கலாம்; வானத்தை மூடிக்கொண்டு எழும்பும் வாத்தைப் பார்க்க முடியாது.

வழிதவறி வரும் சிறு பறவைகளில் ஆர்வம் என்றால் ஷெட்லாந்து. செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் நடு வரை. சைபீரியாவில் பிறந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய மஞ்சள் புருவக் கதிர்க்குருவி ஆண்டுதோறும் இங்கே வந்து சேர்கிறது. இதற்குக் கிழக்குக் காற்று வேண்டும், கூடவே மழையோ மூட்டமோ இருந்தால் பறவைகள் கடலைத் தாண்டியதும் கண்ட இடத்தில் இறங்கிவிடும். மரமே அரிதான தீவு. நாலு சிக்கமோர் மரம், ஒரு முட்டைகோஸ் பாத்தி, கல்சுவரின் மறைவு, இவற்றை விட்டால் ஒதுங்க வேறு இடமில்லை. அதனால்தான் இங்கே தேடுவது எளிது. ஆனால் மேற்குக் காற்று வாரம் முழுக்க அடித்தால் அதே பாத்திகள் வெறுமையாகக் கிடக்கும். அதை வழிகாட்டியின் குறையாக எண்ணாதீர்கள்.

மலைப் பறவைகளுக்கு கெய்ர்ன்கார்ம்ஸ் மலைத்தொடர். டார்மிகன் என்ற மலைக்கோழி இலையுதிர் காலத்தில் சாம்பல் நிறத்திலிருந்து வெள்ளைக்கு இறகு மாற்றிக்கொண்டிருக்கும். பாறைக்குப் பாறை நிறம் மாறும் சரிவில் அதைக் கண்ணால் தேடுவதைவிட, தவளை கத்துவது போன்ற கரகரத்த குரலைக் காதால் பிடிப்பது சுலபம்.

ஏழு நாளில் மூன்று தீவு என்று விளம்பரம் செய்யும் பயணத்தை எடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் பாதி கப்பல் துறையிலேயே போய்விடும். மலையடிவாரத்தில் ஓர் ஊர், ஒரு தீவு, அது போதும். அக்டோபர் நடுவில் இன்வர்னெஸ் பக்கம் ஏறக்குறைய பத்தேகால் மணி நேரம்தான் பகல். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு மாலை நாலரைக்கே சூரியன் இறங்கிவிடும்.

கேள்வி: பஃபின் பறவையைப் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அக்டோபரில் கிடைக்குமா?

கிடைக்காது. ஆகஸ்ட் நடுவுக்குள் பஃபின்கள் பாறைகளை விட்டு நடுக்கடலுக்குப் போய்விடும். மகளுக்காகவே போகிறீர்கள் என்றால் மே கடைசி முதல் ஜூலை நடு வரை போங்கள். ஆஸ்ப்ரே என்ற விரால் அடிப்பானும் செப்டம்பரில் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும். அக்டோபர்ப் பயணத்துக்கான விளம்பரத்தில் இந்த இரண்டின் படங்கள் இருந்தால், சென்ற ஆண்டு அதே வாரத்தில் பார்த்த பறவைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

கேள்வி: பொன்னிறக் கழுகையும் வெண்வால் கடற்கழுகையும் தொலைவில் எப்படிப் பிரித்தறிவது? வெள்ளை வாலைப் பார்த்தால் போதாதா?

போதாது. கடற்கழுகின் வால் முழுதாக வெளுக்க ஐந்து ஆண்டு போல ஆகும். இளம் பறவைக்கு வால் கறுப்புதான். இளம் பொன்னிறக் கழுகுக்கோ வாலின் அடியிலும் சிறகிலும் வெள்ளைத் திட்டு உண்டு. நிறத்தை நம்பினால் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவோம்.

உருவத்தைப் பாருங்கள். கடற்கழுகு பறப்பது கதவுப் பலகை பறப்பது போல இருக்கும்: அகலமான நேர்ச் சிறகு, ஆப்பு போன்ற குட்டை வால், முன்னால் நீண்ட கழுத்தும் பெரிய அலகும். சிறகு விரிப்பு 2.4 மீட்டர் வரை போகும். பொன்னிறக் கழுகுக்கு வால் நீளம், தலை சிறிது, சிறகின் பின் ஓரம் வளைந்திருக்கும். வட்டமிடும்போது சிறகை லேசாக மேல்நோக்கி உயர்த்திப் பிடிக்கும். தந்திக் கம்பத்தின் மேல் உட்கார்ந்து தரிசனம் தருவது பெரும்பாலும் கழுகே இல்லை, பஸர்ட் என்ற பருந்து. அதற்கு 'டூரிஸ்ட் கழுகு' என்றே அங்கே பட்டப்பெயர் உண்டு.

மழை விட்டு வெயில் தலைகாட்டும் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். நனைந்து உட்கார்ந்திருந்த கழுகுகள் அப்போது எழும்பும். மலை விளிம்பை இடமிருந்து வலமாக மெதுவாக பைனாகுலரால் தடவிக்கொண்டு போங்கள். பிறகு விளிம்புக்குக் கீழே உள்ள சரிவையும் ஒருமுறை அப்படியே பாருங்கள். பலரும் வானத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். மல் தீவின் லாக் நா கீல் என்ற கடற்கழி, கடற்கழுகுக்குப் பேர்போன இடம். பிரிட்டனில் கடைசிக் கடற்கழுகு 1918 வாக்கில் ஷெட்லாந்தில் சுடப்பட்டது. 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள். 1985-இல் மல் தீவில்தான் முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. இன்று அங்கே நாம் பார்ப்பதெல்லாம் அந்த உழைப்பின் பலன்.

கேள்வி: என்னிடம் 10x50 பைனாகுலர் இருக்கிறது. மூக்குக் கண்ணாடி போடுகிறேன். இதையே கொண்டு போகலாமா, 8x42 வாங்கவா?

வெளிச்சத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 50ஐ 10ஆல் வகுத்தால் 5 மி.மீ., 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. சிக்கல் வேறு இடத்தில். 10 மடங்கில் கை நடுக்கமும் 10 மடங்கு தெரியும். அந்தத் தீவுகளின் காற்றில் ஆளே ஆடும்போது படம் நிற்காது. பார்வைப் பரப்பும் குறுகல் என்பதால் கல்சுவர் ஓரம் தாவும் கதிர்க்குருவியைப் பிடிப்பதற்குள் அது போய்விடும். எடையும் கூடுதல். வாங்க முடிந்தால் 8x42 வாங்குங்கள். முடியாவிட்டால் இருப்பதையே கொண்டு போய், முழங்கையை வண்டியின் மேலோ சுவரின் மேலோ ஊன்றிப் பாருங்கள். கழுத்து வாருக்குப் பதில் தோள்பட்டை வார் மாட்டினால் ஏழாவது நாளும் கழுத்து வலிக்காது.

மூக்குக் கண்ணாடிக்காரர்கள் பார்க்க வேண்டிய எண், 'கண் தூரம்' (eye relief): முழுப் படமும் தெரிய, கண்ணுக்கும் பைனாகுலரின் பின்கண்ணாடிக்கும் நடுவே இருக்கக்கூடிய இடைவெளி. 16 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கண்ணருகே உள்ள ரப்பர்க் கிண்ணத்தை முழுக்க உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள். அதை இறக்காமல் பார்த்துவிட்டுக் கருவி சரியில்லை என்பவர்கள் நிறைய.

கடற்கரையில் உப்புத்துளி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள். உப்புப் பொடி கண்ணாடிப் பூச்சைக் கீறும். முதலில் நல்ல தண்ணீரால் அலசி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். குளிரிலிருந்து சூடான வண்டிக்குள் ஏறியதும் கண்ணாடியில் மூட்டம் படியும். நாலு தரம் ஏறி இறங்கும் நாளில் வண்டியின் சூட்டைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். டெலஸ்கோப் வழிகாட்டியிடம் இருக்கும், நீங்கள் சுமக்க வேண்டாம்.

கேள்வி: குளிருக்கும் மழைக்கும் என்ன எடுத்துப் போவது?

குடை வேண்டாம், காற்று ஒரே நாளில் முறித்துவிடும். ஜீன்ஸும் வேண்டாம், நனைந்த பருத்தி காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் ஃபிளீஸ், வெளியே நீர்புகாத சட்டையும் கால்சட்டையும். கையுறை இரண்டு ஜோடி: ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்ப மெல்லியது, அதன் மேல் தடிமனானது. ஈரச் சதுப்பில் நடக்க முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பறந்து கடிக்கும் மிட்ஜ் பூச்சி அக்டோபரில் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும், உண்ணி ஓயாது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், இரவில் முழங்கால் மடிப்பைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் தோலோடு ஒட்டிய இடத்தில் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எதுவும் கூடாது.

கேள்வி: கப்பல் ரத்தானால் என்ன செய்வது?

ரத்தாகும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள். பெருநிலத்தில் உள்ள கென்னக்ரெய்க் துறையிலிருந்து ஐலாவுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். அபர்டீனிலிருந்து ஷெட்லாந்தின் லெர்விக்குக்கு ஓர் இரவு முழுதும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். இலையுதிர் காலப் புயலில் இரண்டும் நிற்கக்கூடியவை. பயணம் முடியும் நாளுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள். முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தீவில் கூடுதலாக ஓர் இரவு தங்க நேர்ந்தால் செலவு யாருடையது, கப்பல் போகாவிட்டால் அன்றைய மாற்றுத் திட்டம் என்ன, வண்டியில் எத்தனை பேர். ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் என்றால் தயங்குங்கள். டெலஸ்கோப்பில் உங்கள் முறை வருவதற்குள் பறவை போயிருக்கும். தலைசுற்றல் மாத்திரையைக் கப்பல் கிளம்பிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

கேள்வி: கேப்பர்கெய்லியைப் படம் எடுக்க வேண்டும். அதன் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு அழைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் அற்றுப்போய், 1837-இல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து விட்ட பெரிய காட்டுக்கோழி இனம் இது. இப்போது மறுபடியும் சில நூறாகச் சுருங்கிவிட்டது. குளிர்காலத்தில் பைன் ஊசியிலையைத் தின்றே உயிர் வாழ்கிறது. அதில் சத்து குறைவு. ஒவ்வொரு முறை விரட்டி எழுப்பும்போதும் அது சேர்த்து வைத்த சக்தி செலவாகிறது. நல்ல வழிகாட்டி உங்களை அதைத் தேடி அழைத்துப் போக மாட்டார். எதிர்பாராமல் பாதையில் கண்டால் சத்தமில்லாமல் பின்வாங்குவார்.

அபர்நெதி காட்டில் கொண்டை டிட் என்ற சிறு பறவையைத் தேடுங்கள். பிரிட்டனில் ஹைலாண்ட்ஸ் பைன் காடுகளில் மட்டுமே நிலையாக வாழ்வது. நிலக்கரி டிட் கூட்டத்தோடு கலந்து திரியும் இதன் உருட்டி ஒலிக்கும் குரலை முதல் நாளே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்கே உரிய ஒரே பறவை இனமான ஸ்காட்டிஷ் கிராஸ்பில்லும் அங்கே உண்டு. ஆனால் மற்ற கிராஸ்பில்களிலிருந்து அதை உறுதியாகப் பிரிக்க குரலைப் பதிவு செய்து சோனோகிராம் என்ற ஒலி வரைபடத்தைப் பார்க்க வேண்டும். "ஏதோ ஒரு கிராஸ்பில்" என்று மட்டும் சொல்லும் வழிகாட்டி உங்களிடம் உண்மை பேசுகிறார்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கூட அழைத்துப் போகலாமா?

தாராளமாக, ஐலாவுக்கு. மேய்கிற வாத்துகள் மனிதரைக் கண்டால் எழும்பிவிடும், நின்ற வண்டியைப் பொருட்படுத்தாது. எஞ்சினை அணைத்து, கதவைத் திறக்காமல், கண்ணாடியை இறக்கிப் பார்ப்பதே சிறந்த முறை. லாக் குருய்னார்ட்டில் உட்கார்ந்து பார்க்க மறைவிடமும் இருக்கிறது. நீங்களே வண்டி ஓட்டினால் ஒன்று: ஒற்றைத்தடச் சாலையில் அங்கங்கே அகலமாக விட்டிருக்கும் இடம் எதிரிலும் பின்னாலும் வரும் வண்டிகளுக்கு வழிவிட மட்டுமே. அதில் வண்டியை நிறுத்திவிட்டுப் பறவை பார்த்தால் பின்னால் வரும் பால் வண்டியும் பள்ளிப் பேருந்தும் நிற்க வேண்டியதாகிவிடும்.