மார்மன் மிஷனரி பசங்களோட அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? யாராவது நேர்ல பழகியிருக்கீங்களா?

பழகியிருக்கேன். மார்மன்ங்கறது ஒரு கிறிஸ்தவ சபை, அத பரப்ப ஊர் ஊரா போற இளைஞர்கள்தான் இந்த மிஷனரிங்க. நாங்க அமெரிக்காவுல ஹூஸ்டன் பக்கத்துல கேட்டிங்கற ஊர்ல இருக்கோம். 2017 வெள்ளம் வர்ற வரைக்கும் வெள்ளை சட்டை, டை, நெஞ்சுல கருப்பு பேட்ஜ்னு ரெண்டு பசங்க சைக்கிள்ல வர்றத ஜன்னல் வழியா பாத்தாலே கதவ திறக்க மாட்டோம். பெல் அடிச்சா டிவி சத்தத்த குறைச்சுட்டு உக்காந்திருப்போம், அவங்களும் ரெண்டு நிமிஷம் நின்னுட்டு போயிடுவாங்க. 2017 ஆகஸ்ட் 25 ராத்திரி ஹார்வி புயல் டெக்ஸாஸ்ல கரையேறி, அடுத்த நாலஞ்சு நாள் விடாம மழை கொட்டி, எங்க பக்கத்துல இருக்கற பார்க்கர் ரிசர்வாயர் நிரம்பி தண்ணி பின்னாடி ஏறி எங்க தெருவுக்குள்ள வந்துடுச்சு. வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி. படகுலதான் வெளிய வந்தோம், நான், என் வொய்ஃப், ஒன்பது வயசு பையன், ஒரு பையில பாஸ்போர்ட்டும் நகையும், அவ்வளவுதான்.

தண்ணி வடிஞ்சு நாங்க திரும்பி போனது செப்டம்பர் இரண்டாவது வாரம். வீட்டுக்குள்ள கால் வச்சா அந்த நாத்தம் இருக்கே, அத எழுத்துல சொல்ல முடியாது. கார்ப்பெட் ஊறி சதசதன்னு இருக்கு, சுவத்துல பூஞ்சை கருப்பா மேல ஏறிட்டு இருக்கு. டிரைவால, அதாவது சுவத்துல அடிச்சிருக்கற ஜிப்சம் பலகைய, உடனே அறுத்து எடுக்கலன்னா முழு வீடும் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா கான்ட்ராக்டர் யாரும் போன எடுக்கவே மாட்டேங்கறாங்க, எடுத்தா ஒரு மாசம் ஆகும்கறாங்க. வீட்ட சுத்தம் பண்ண தன்னார்வலர்கள சேத்து விடற கிரைசிஸ் க்ளீனப்னு ஒரு ஹெல்ப்லைன் நம்பர யாரோ குடுத்தாங்க, அதுல பேர பதிஞ்சு வச்சேன், பெருசா நம்பிக்கை இல்ல.

சனிக்கிழமை காலைல மஞ்சள் டீஷர்ட் போட்டு ஒரு கூட்டம் வந்து இறங்குச்சு, டீஷர்ட்ல மார்மன் ஹெல்பிங் ஹேண்ட்ஸ்னு போட்டிருக்கு. ஆஸ்டின்ல இருந்தும் டல்லாஸ்ல இருந்தும் குடும்பம் குடும்பமா வந்து, சர்ச் புல்வெளியில டெண்ட் அடிச்சு தூங்கி, காலைல கடப்பாரையும் தள்ளுவண்டியுமா கிளம்பி வந்திருக்காங்க. அவங்களோட ரெண்டு சின்ன பசங்க. ஒருத்தன் ஐடாஹோக்காரன், ஒல்லியா நெட்டையா இருப்பான், இன்னொருத்தன் யூட்டாவுல பொறந்த, டோங்காங்கற பசிபிக் தீவு நாட்டு வம்சத்து பையன், நல்ல ஆகிருதி. ரெண்டு பேருக்கும் 19 வயசு. 'எல்டர்'னுதான் ஒருத்தர ஒருத்தர் கூப்டுக்கறாங்க, அதாவது மூப்பர், பெரியவர். மீசை கூட சரியா முளைக்கல, என் வொய்ஃப் முதல் நாளே ரெண்டு பேரையும் தம்பின்னு ஆக்கிட்டா.

அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கார்ப்பெட் வெளிய, நாலடி உயரத்துக்கு டிரைவால் வெளிய, உள்ள இருந்த ஊறின பஞ்சு எல்லாம் வெளிய. காசு வாங்கல, மதத்த பத்தி ஒரு வார்த்தை பேசல. நாங்க தூக்கி போட வச்சிருந்த ஒரு பெட்டிய அந்த டோங்கா பையன் திறந்து பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டான், அது கொலு பெட்டி. மண் பொம்மை எல்லாம் கரைஞ்சு சேறாயிடுச்சு, தசாவதாரம் செட்ல ஒண்ணு கூட மிஞ்சல. அந்த சேத்துக்குள்ள கைய விட்டு துழாவி மரப்பாச்சி ஜோடிய எடுத்தான். மரம்ங்கறதால தப்பிச்சிருக்கு, என் வொய்ஃபோட பாட்டி குடுத்தது. குழாயடில வச்சு பல் தேய்க்கற பிரஷ்ஷால மெதுவா கழுவி, துண்டுல சுத்தி கொண்டு வந்து, 'இவங்க உங்க முன்னோர்களா மேம்?'னு கேட்டான். முன்னோர் பேர தேடி எழுதி வைக்கறது அவங்க சபையில பெரிய விஷயம், அதனாலதான் அந்த கேள்வின்னு எனக்கு பின்னாடிதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் அழாம இருந்த என் வொய்ஃப் அப்பதான் அழுதா.

சரி, நீங்க கேட்ட அன்றாட வாழ்க்கைக்கு வர்றேன். நாங்க வாடகை அபார்ட்மெண்டுக்கு போனதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சாப்பிட வருவாங்க, அப்ப கேட்டு கேட்டு தெரிஞ்சுக்கிட்டதுதான் எல்லாம். மார்மன்ங்கறது மத்தவங்க கூப்பிடற பேரு, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைங்கறதுதான் அவங்க பேரு. 2018ல அப்ப அவங்க சபைத் தலைவரா இருந்த ரஸல் நெல்சன் முழு பேரையே சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டாரு. ஆம்பள பசங்களுக்கு ரெண்டு வருஷம், பொண்ணுங்களுக்கு ஒன்றரை வருஷம். பசங்க 19 வயசுலதான் போக முடியும்னு இருந்தத 2012 அக்டோபர்ல 18 ஆக்கினாங்க. எந்த ஊருக்குங்கறத நீங்க தேர்ந்தெடுக்க முடியாது, விண்ணப்பம் போட்டா சபைத் தலைமையில இருந்து கடிதம் வரும், அப்பல்லாம் பெரிய வெள்ளை கவர் தபால்ல வரும், சொந்தக்காரங்க எல்லாம் ஹால்ல கூடி நிக்க பையன் பிரிச்சு சத்தமா படிக்கணும். பக்கத்து வீட்டு பையனுக்கு பிரேசில் வந்திருக்கும், உனக்கு ஹூஸ்டன் வரும். இந்த ஐடாஹோ பையனுக்கு ஹூஸ்டன், ஸ்பானிஷ் மொழி. யூட்டாவுல புரோவோங்கற ஊர்ல பயிற்சி மையத்துல ஆறு வாரம் ஸ்பானிஷ் சொல்லிக்குடுத்து அனுப்பிட்டாங்க, மிச்சத்த தெருவுல கத்துக்கோன்னு.

இது சம்பளத்துக்கு பண்ற வேலை இல்ல, போறவங்கதான் காசு கட்டணும். அப்ப மாசம் 400 டாலர், 2020 ஜூலைல 500 ஆக்கிட்டாங்க. 24 மாசத்துக்கு 9,600 டாலர்னு வச்சுக்கோங்க, அதுல பாதிக்கு மேல இவனே சம்பாதிச்சு சேத்து வச்சது. கிழக்கு ஐடாஹோவுல உருளைக்கிழங்கு அறுவடைக்குன்னே ஸ்கூலுக்கு லீவு விடுவாங்களாம், பதினாலு வயசுல இருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த லீவுல வயல்ல நின்னு கல்லையும் கிழங்கையும் பிரிச்சிருக்கான். கைய நீட்டி காமிச்சான், விவசாயி கைதான்.

காலைல 6:30க்கு எந்திரிக்கணும், அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, அப்புறம் தனியா வேதப்படிப்பு, கூட இருக்கறவனோட சேர்ந்து படிப்பு, மொழிப் படிப்பு, இதெல்லாம் முடிச்சு கிளம்பினா ராத்திரி ஒன்பது மணி வாக்குலதான் வீடு, 10:30க்கு லைட் ஆஃப். நடுவுல கதவ தட்டறது, பஸ் ஸ்டாப்ல பேசறது, யாராச்சும் வர சொல்லியிருந்தா போய் பாடம் எடுக்கறது, சும்மா போய் யார் வீட்டுக்காச்சும் புல்லு வெட்டிக்குடுக்கறது, வீடு மாத்தறவங்களுக்கு சோஃபா தூக்கறது. ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயில் நம்ம மெட்ராஸ் கத்திரி மாதிரிதான் இருக்கும், அதுல டையோட சைக்கிள். சினிமா கிடையாது, டிவி கிடையாது, கேர்ள் ஃப்ரெண்ட் பேச்சே கிடையாது. டீ, காபி, பீர், சிகரெட் எதுவும் எப்பவுமே தொடக்கூடாது, அது மிஷனரிக்கு மட்டும் இல்ல, சபையில எல்லாருக்கும்தான். என் வொய்ஃப் ஃபில்டர் காபி போட்டு கொண்டு வந்து வச்சப்ப ரெண்டு பேரும் முழிச்ச முழி. அப்புறம் அவ சுக்கு மல்லி காபி போட்டா, அதுக்கும் பேர்ல காபி இருக்கே, தயங்கறாங்க, இதுல காபிக்கொட்டையே இல்லப்பா, இஞ்சியும் தனியாவும்தான்னு டப்பாவ திறந்து காமிச்சு மோந்து பாக்க வச்சப்புறம் குடிச்சாங்க. அடுத்த வாரம் வந்ததும் அதத்தான் கேட்டாங்க.

மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை ரெண்டு வேளை சாப்பிடாம விரதம் இருந்து, அந்த சாப்பாட்டு காச ஏழைங்களுக்குன்னு சபைக்கு குடுத்துடறாங்க. எங்க அம்மா ஏகாதசி இருக்கறவங்க, போன்ல இத சொன்னதும் அவங்களுக்கு அந்த பசங்க மேல தனி மரியாதை வந்துடுச்சு.

எனக்கு கஷ்டமா பட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, தனியா இருக்கவே முடியாது. ரெண்டு ரெண்டு பேரா, எப்பவும் ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படற மாதிரியே இருக்கணும், பாத்ரூம் தவிர. அந்த இன்னொருத்தன உனக்கு பிடிக்குதோ இல்லையோ. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ட்ரான்ஸ்ஃபர் வரும், யாரு போறா யாரு இருக்கான்னு கடைசி நேரத்துலதான் தெரியும். அக்டோபர்ல டோங்கா பையன் அப்படித்தான் போயிட்டான், ராத்திரி கூப்பிட்டு நாளைக்கு கிளம்பறேன்னான், மூணு மணி நேரம் தள்ளி இருக்கற ஏதோ ஊரு. அந்த மரப்பாச்சிய மட்டும் வச்சு மூணு படி கட்டி நவராத்திரி பண்ணோம், சுண்டல் சாப்பிட வந்திருந்தான், அதுதான் கடைசியா அவன உக்கார வச்சு சாப்பாடு போட்டது. வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லாம பொம்பளை மட்டும் தனியா இருந்தா உள்ள வரக்கூடாதுன்னும் ஒரு ரூல். ஒரு நாள் நான் ஆஃபீஸ்ல மாட்டிக்கிட்டேன், என் வொய்ஃப் எவ்வளவோ சொல்லியும் வாசப்படியிலயே நின்னு மோர குடிச்சுட்டு டம்ளர திருப்பி குடுத்துட்டு போயிருக்காங்க.

இன்னொண்ணு அம்மா குரல். அப்ப இருந்த வழக்கப்படி வாரத்துக்கு ஒரு ஈமெயில், அதுவும் திங்கக்கிழமை மட்டும். திங்கக்கிழமைதான் அவங்களுக்கு லீவு மாதிரி, துணி துவைக்கறது, மளிகை வாங்கறது, முடி வெட்டறது எல்லாம் அன்னிக்குத்தான், சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி வேலை. போன்ல பேசறது வருஷத்துக்கு ரெண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு. ஹாஸ்டல்ல சேத்த முதல் வாரமே எஸ்டிடி பூத்துல நின்னு எங்கம்மாகிட்ட அழுதவன் நான், எனக்கு இத ஜீரணிக்கவே முடியல. நவம்பர்ல ஐடாஹோ பையனோட தாத்தா இறந்துட்டாரு. வழக்கமா சாவுக்கு திரும்பி போறதில்ல. அந்தப் பகுதி மிஷனரிங்களுக்கு பொறுப்பா இருக்கற மிஷன் தலைவர் கூப்பிட்டு சொல்லி, அன்னிக்கு ஒரு தடவை வீட்டுக்கு பேச விட்டிருக்காரு. அடுத்த நாள் ஒரு பாட்டியோட வீட்ல பெயிண்ட் அடிக்க போயிட்டான். ஏம்ப்பா ஒரு நாள் படுத்திருக்கலாமேன்னு கேட்டேன். தாத்தாவும் 1960கள்ல மிஷன் போனவரு, அவரு இத முடிச்சுட்டு வான்னுதான் சொல்லியிருப்பாரு சார்னான். சொல்றப்போ கீழ பாத்துட்டே சொன்னான்.

இங்க ஒண்ண ஒளிக்காம சொல்லணும். அவங்களுக்கு நோக்கம் இருக்கு, கேக்கறவங்க ஞானஸ்நானம் எடுத்து சபையில சேரணும்ங்கறதுதான், அத அவங்களே மறைக்கறதில்ல. எங்ககிட்டயும் ஒரு நாள் ஐடாஹோ பையன் அவங்க வேத நூலான மார்மன் புஸ்தகம் குடுக்கலாமான்னு கேட்டான். நாங்க எங்க சாமிய கும்பிட்டுட்டு இருக்கோம்ப்பா, மாற மாட்டோம்னு சொன்னேன். சரின்னான், அதுக்கப்புறம் ஒரு தடவை கூட அந்த பேச்ச எடுக்கல, வர்றத நிறுத்தவும் இல்ல. எல்லா மிஷனரியும் இப்படித்தான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. இன்னொரு பக்கமும் இருக்கு. போகலன்னா, இல்ல மனசு உடைஞ்சு பாதில திரும்பிட்டா, ஊர்ல முகம் குடுக்கறது கஷ்டம். டோங்கா பையனோட சித்தப்பா மகன் ஆறாவது மாசம் திரும்பி வந்து, சர்ச்சுக்கு போறதையே விட்டுட்டானாம், அத சொல்றப்போ இவன் குரலே மாறிப்போச்சு. 18 வயசு பையன் மேல அவ்வளவு பாரம் ஏத்தறது எனக்கு சம்மதம் இல்ல, இத அவங்ககிட்டயே சொல்லியிருக்கேன்.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு வழக்கமா சபைக்காரங்க வீட்ல இருந்துதான் ஸ்கைப் பண்ணுவாங்களாம். ஐடாஹோ பையனோட அம்மா ஈமெயில்ல 'அந்த சாப்பாடு போடற அம்மாவ நான் பாக்கணும்'னு எழுதியிருக்காங்க, தலைவர்கிட்ட அனுமதி வாங்கிட்டு எங்க அபார்ட்மெண்டுக்கு வந்தான். என் லேப்டாப்ப டைனிங் டேபிள்ல வச்சு குடுத்துட்டு நாங்க பெட்ரூமுக்கு போயிட்டோம், சுவரு மெலிசு, எல்லாம் கேக்குது. அம்மா முதல்ல சொன்னது இளைச்சுட்டியேன்னு. நாய காமிங்கன்னான், நாய் வந்து ஸ்க்ரீன நக்குதுன்னு எல்லாரும் சிரிக்கறாங்க, அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசல. முடிக்கறதுக்கு முன்னாடி என் வொய்ஃப கூப்பிட்டான். அந்த அம்மா தேங்க்யூ சொல்ல ஆரம்பிச்சு முடிக்க முடியாம நிறுத்திட்டாங்க, இவ நல்லா சாப்பிடறான், கவலைப்படாதீங்கன்னு தமிழும் இங்கிலீஷுமா கலந்து சொன்னா, புரிஞ்ச மாதிரி தலையாட்டினாங்க.

ஜனவரியில அவனுக்கும் ட்ரான்ஸ்ஃபர் வந்துடுச்சு. ரெண்டு அம்மாக்களும் மட்டும் மெசேஜ்ல தொடர்பு விடல. 2019 பிப்ரவரி 15 அன்னிக்கு சபையில ரூல மாத்தினாங்க, மிஷனரிங்க வாராவாரம் வீட்டுக்கு போன்லயோ வீடியோவுலயோ பேசலாம்னு. இவன் மார்ச் நடுவுல ஊருக்கு திரும்பணும், அதனால அவனுக்கு கிடைச்சது நாலு திங்கக்கிழமை. முதல் திங்கக்கிழமை ராத்திரி அவன் அம்மா என் வொய்ஃபுக்கு அனுப்பின மெசேஜ் இன்னும் இருக்கு, காலைல அஞ்சு மணில இருந்து போன மடியில வச்சுட்டே உக்காந்திருந்தேன், குளிக்க கூட போகலன்னு.