கேள்வி பதில்: எந்தப் பீடம் எந்த ஊரில்?

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதியிருக்கிறாள், விவசாயம் படிக்க விரும்புகிறாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நினைத்திருந்தோம். அயலவர்களோ கிளிநொச்சிக்குப் போக வேண்டும் என்கிறார்கள். வவுனியாவும் அதன் வளாகந்தான் என்கிறார்கள். எது சரி?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: கிளிநொச்சி பற்றி அவர்கள் சொன்னது சரி, வவுனியா பற்றிச் சொன்னது பழைய கதை.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி நிலத்தில், 1974ஆம் ஆண்டு, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1979இல் தனிப் பல்கலைக்கழகமான பின்னரும் நம்மவர் வாயில் அது இன்றுவரை ‘கம்பஸ்’தான். கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம் முதலியவை திருநெல்வேலியிலேயே உள்ளன. மருத்துவ மாணவர்கள் நோயாளர் மத்தியில் பயிலுவது நகரிலுள்ள போதனா வைத்தியசாலையில்; இசையும் நடனமும் மருதனார்மடத்தில்; சித்த மருத்துவம் கைதடியில். இவை யாவும் உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன.

விவசாய பீடத்தின் கதை வேறு. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்ட அந்தப் பீடம், போர்ச்சூழல் காரணமாகத் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்து நெடுங்காலம் அங்கேயே இயங்கியதால், அது யாழ்ப்பாணத்துக்கே உரியது என்ற எண்ணம் பலரிடம் ஊன்றிவிட்டது. போர் முடிந்த பின்னர் அது தன் பழைய இடத்துக்குத் திரும்பியது; பொறியியல், தொழினுட்ப பீடங்களும் அங்கேதான், ஏ-9 வீதியோரத்து அறிவியல் நகரில், எழுந்தன. வயலும் குளமும் சூழ்ந்த கிளிநொச்சியை விட்டுவிட்டு, வீட்டு வளவுகள் நெருங்கிய திருநெல்வேலியில் விவசாயம் கற்பிப்பது பொருத்தமாகவும் இராது என்பது என் எண்ணம். சுன்னாகத்திலிருந்து அறிவியல் நகர் 70 கிலோமீற்றருக்கு மேல். நாள்தோறும் போய்வருவது படிப்பைத் தின்றுவிடும். ஆகவே விடுதியையோ வாடகை அறையையோ இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வவுனியா 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் எனத் தனித்து நின்றது. எனவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை எழுதும்போது அதை வேறொரு பல்கலைக்கழகமாகவே கருத வேண்டும். ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் பாடநெறியின் பெயரோடு அது நடைபெறும் இடத்தையும் மகளுடன் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு வரிசையை எழுதுங்கள். வெட்டுப்புள்ளி (அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளி) வந்த பிறகு இடத்தை மாற்றித் தரும்படி கேட்டு அலைந்த பெற்றோரை நான் கண்டிருக்கிறேன்.