திருகோணமலையில் இருந்தபடி சொகுசுக் கப்பல் பயண ஆலோசகராகக் காலம் தள்ள முடியுமா?

கேள்வி: திருகோணமலையை விட்டு நகராமல் சொகுசுப் பயண, கப்பல் பயண ஆலோசகராக நீண்டகாலம் தொழில் செய்ய முடியுமா? என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முடியும். ஆனால் பயணம் போகிறவர் ஊரில் இருப்பார், காசு கட்டுகிறவர் வெளிநாட்டில் இருப்பார். ரொறன்ரோவில் மகன், லண்டனில் மகள், உப்புவெளியில் அம்மா அப்பா. எல்லாரும் ஒருமுறை ஒன்றாகச் சேர ஒரு கப்பல் வேண்டும். இங்கிருந்து செய்யும்போது வருகிற நல்ல வேலை பெரும்பாலும் இப்படித்தான் வரும். கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற மகனுக்குப் பத்து நிமிட வேலை. இலங்கைக் கடவுச்சீட்டில் வருகிற பெற்றோருக்குத்தான் மீதி அத்தனையும். கப்பல் அழகா, நீச்சல் குளம் பெரிதா என்பதையெல்லாம் யூடியூப் சொல்லிவிடும். திகதிக் கணக்கைப் பிழையில்லாமல் போடத்தான் உங்களைத் தேடி வருவார்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஜூலை 20ஆம் திகதி பார்சிலோனாவில் புறப்படும் கப்பல், இரண்டு நாள் முன்னரே அங்கே போய் இறங்குகிறார்கள் என்று வையுங்கள். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) பயணத்துக்கு 6 மாதத்துக்கு மேல் இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. ஆகவே ஜனவரி 18க்கு முன் கதவே திறக்காது. கப்பல் நிறுவனத்துக்கு முழுப் பணமும் கட்டவேண்டிய நாள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 90 முதல் 120 நாள் முன்னர். சில சொகுசு நிறுவனங்கள் அதற்கும் முன்னரே கேட்கும். 120 நாள் என்றால் மார்ச் 22. அதற்குப் பிறகு இரத்துச் செய்தால் தண்டம் படிப்படியாக ஏறி, கடைசியில் முழுப் பணமும் போகும். விசா முடிவு 15 நாளில் வரவேண்டும் என்பது விதி, ஆனால் 45 நாள்வரை நீட்டலாம் என்றும் அதே விதி சொல்கிறது. பெப்ரவரி 15இல் கொழும்பில் கோப்பைக் கொடுத்து 45 நாளும் இழுபட்டால் ஏப்ரல் 1 ஆகிவிடும். மார்ச் 22 போய்விட்டது. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு காசைக் கட்டியிருப்பார்கள். ஆகவே கோப்புக் கொடுக்கும் நாளை ஜனவரியிலேயே பிடித்துவிடுங்கள். பெற்றோரின் அறையைத் தனிப் பதிவு எண்ணில் போட்டு, பிள்ளைகளின் பதிவோடு சாப்பாட்டு மேசைக்காக மட்டும் இணைத்துவிடுங்கள். விசா கிடைக்காமல் போனால் ஒரு பதிவைத்தான் கலைக்கவேண்டி வரும். இருவரில் ஒருவருக்கு மட்டும் மறுத்துவிட்டால், மற்றவர் தனியாளாக இருவருக்குரிய கட்டணத்தைச் சுமக்க நேரிடும் என்பதையும் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

அடுத்தது, எத்தனை தடவை உள்ளே நுழைகிறோம் என்பது. குரோஷியா 2023 ஜனவரி 1இல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. மொண்டெனேக்ரோவின் கோட்டோர் துறைமுகம் வரவில்லை. இத்தாலியில் ஏறி, கோட்டோரைத் தொட்டு, திரும்பக் கிரேக்கத்துக்குப் போகும் கப்பலுக்கு ஒற்றை நுழைவு விசா உதவாது. அமெரிக்காவின் அலாஸ்காவுக்குப் போகும் கப்பல் இன்னொரு பொறி. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்காவில் ஆட்களை ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்க வேண்டுமானால் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடவேண்டும். 1886ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதனால் சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்கினாலும் கப்பல் கனடாவின் விக்டோரியாவுக்குப் போகும். அமெரிக்க விசா, கனடா விசா இரண்டும் கையில் இருக்கவேண்டும். "நாங்கள் இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருப்போம்" என்ற சமாதானம் எடுபடாது. ஏறும் இடத்திலேயே மறித்துவிடுவார்கள்.

முதல் கப்பலுக்குச் சிங்கப்பூர் சுகம். இலங்கையருக்கு 30 நாள் விசா தேவையில்லை. ஆனால் அந்தக் கப்பல் தொடுகிற மற்றத் துறைமுகங்களுக்கு அதே சலுகை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளில் பெயருக்கு 39 எழுத்து இடம்தான். நீளமான தகப்பன் பெயரும் நீளமான சொந்தப் பெயரும் சேர்ந்தால் வால் வெட்டுப்படும். விமானச் சீட்டிலும் கப்பல் பதிவிலும் எது குடும்பப் பெயர், எது மற்றப் பெயர் என்பதைக் கடவுச்சீட்டில் இருக்கிறபடியே போடுங்கள். வட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிய பெயரை நம்பவே வேண்டாம். படப் பக்கத்தின் பிரதியைக் கேளுங்கள்.

அறையைத் தெரிவுசெய்யும்போது கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் அடியில் இருக்கும் துடுப்புத் தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குகிற ஆட்டம் அப்படியே இருக்கும், அது நடுவில்தான் குறைவு. மேலும் கீழும் அறைகளே உள்ள தளமாக இருக்கட்டும். நீச்சல் குளத் தளத்துக்குக் கீழே எடுத்தால் விடிய முதலே கதிரை இழுக்கிற சத்தம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்றால் குளியல் தொட்டிக்குள் கால் தூக்கி வைக்கவேண்டுமா என்று கேளுங்கள். சந்தொரினி போன்ற இடங்களில் கப்பல் கரையில் கட்டாது; சிறு படகில் இறங்கி, பிறகு கேபிள் காரில் மலையேற வேண்டும்.

கப்பலின் தரத்தை நட்சத்திரத்தால் அளக்காதீர்கள், ஒரு பயணிக்குக் கிடைக்கும் இடத்தால் அளந்து பாருங்கள். மொத்தத் தொன் அளவைப் பயணிகளின் தொகையால் பிரியுங்கள் (அந்தத் தொன் எடை அல்ல, கொள்ளளவு). ஐகன் ஒஃப் த சீஸ்: 2,48,663ஐ 5,610ஆல் பிரித்தால் சுமார் 44. செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர்: 55,254ஐ 750ஆல் பிரித்தால் சுமார் 74. வரிசையில் நிற்கிற நேரம் இந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

சைவச் சாப்பாட்டுக்கு "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் முட்டை வரும். "இந்தியச் சைவம், முட்டை இல்லை" என்று எழுத்தில், இரண்டு மாதம் முன்னரே.

வருமானம்: கொமிஷன் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும், பொதுவாக 10 முதல் 16 சதவீதம். துறைமுகக் கட்டணம், வரி முதலியவற்றுக்குக் கிடையாது. 6,000 டொலர் பதிவில் அவை 1,100 என்றால், 12 சதவீதம் 4,900க்குத்தான்: 588 டொலர். அதில் உங்களுக்கு மேலே இருக்கும் பெரிய முகவருக்கும் ஒரு பங்கு. கைக்கு வருவதும் பெரும்பாலும் கப்பல் புறப்பட்ட பிறகு. அதனால் விசாக் கோப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். வாங்கத் தயங்குகிறவர்தான் முதலில் கடையைப் பூட்டுவார்.

ஊருக்கு வருகிற கப்பல்களை நம்பி மட்டும் இறங்கவேண்டாம். இந்து சமுத்திரத்தில் பெரிய கப்பல்கள் சுற்றுவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நமக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. துறைமுகம் இயற்கையாகவே காற்றுக்கு ஒதுக்கானது, கப்பல் உள்ளே வந்துவிடும். ஆனால் நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் படகு விடமுடியாது. மார்ச், ஏப்ரலில் வரும் கப்பல்தான் இலாபம். காலை 8க்கு வந்து மாலை 5க்குப் போகும் கப்பலுக்குச் சீகிரியா விற்காதீர்கள். போக வர ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம், ஹபரணையில் யானை மறித்தால் அதுவும் போதாது. கப்பலே விற்ற சுற்றுலா பிந்தினால் காத்திருக்கும், உங்கள் வான் வண்டிக்குக் காத்திருக்காது. கோட்டைக்குள் மான், கோணேசர் கோயில், கன்னியா போதும். கோயிலை முதலில் வையுங்கள்: வெறுங்காலோடு நடக்கவேண்டும், பத்தரை மணிக்கே கல் சுடும். வானில் ஒரு பொதி புதுச் சொக்ஸ் வைத்திருங்கள்.